காலையில் கேட்கும் கலகல ஓசை: டைமிங் செயினை வீட்டிலேயே மாற்றலாமா?

உப்புவெளிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2008 ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா ஆக்சியோ ஒன்று உள்ளது. 1500 சிசி, 1என்இசட்–எஃப்இ எஞ்சின். மீட்டர் 190,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை, பழைய வாகனம் வாங்கிய எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. முன்னைய உரிமையாளர் எப்போது ஒயில் மாற்றினார் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. எஞ்சினின் மேல்மூடியான டெப்பட் கவரின் ஒயில் மூடியைத் திறந்து பார்த்தபோது உட்புறத்தில் கறுப்புப் படிவு தடிப்பாக ஒட்டியிருந்தது.

சில வாரங்களாக, காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து மூன்று நான்கு விநாடிகளுக்குக் கலகல என்ற உலோக ஓசை வருகிறது. எஞ்சின் சூடான பின்பும் அது முழுவதுமாக மறைவதில்லை. ஐட்லிங்கில் நிற்கும்போது மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கந்தளாயிலிருந்து திரும்பி வரும்போது எஞ்சின் விளக்கு எரிந்தது. கைபேசியுடன் இணைத்துக் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் மலிவான ஓபிடி அடாப்டரில் பார்த்தபோது பி0016 என்ற குறியீடு வந்தது. வாகனத்தைப் பார்த்த ஒரு கராஜில், எதையும் திறக்காமலேயே, எஞ்சின் முடிந்துவிட்டது, ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றைப் போடுங்கள் என்றார்கள். இன்னொரு இடத்தில், பிஸ்டன்களால் சுற்றும் கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளையும் இணைக்கும் டைமிங் செயினின் செட்டை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள், ஆனால் அவர்களும் எதையும் அளந்து பார்க்கவில்லை.

எனக்கு ஓரளவு கைவேலை தெரியும். பிரேக், கிளட்ச் வேலைகளை நானும் மைத்துனரும் வீட்டிலேயே செய்திருக்கிறோம். நல்ல சொக்கெட் செட்டும் டோர்க் ரென்ச்சும் இருக்கின்றன. செயின்தான் காரணம் என்பதைத் திறக்கும் முன் எப்படி உறுதி செய்வது? எஞ்சினைக் கீழே இறக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியுமா? கொழும்பிலிருந்து பாகங்கள் வந்துசேரும்வரை நகரத்துக்குள் மட்டும் வாகனத்தை ஓட்டலாமா?

உவர்மலையார் எழுதியது:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை கிடைப்பதற்குள் எஞ்சின் கெட்டுவிடக் கூடாது. ஓட்ட வேண்டாம். செயின் ஒரு பல் தாவினால் இழுவை குறைவதோடு போய்விடலாம், ஆனால் அதற்கு மேல் தாவினால் திறந்திருக்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து இடித்து, செயின் செட்டின் விலையில் முடிய வேண்டிய வேலை சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலையாக மாறிவிடும். ஓசை குளிரில் மட்டும் கேட்டிருந்தால் நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன். சூட்டிலும் கேட்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் யோசிக்க வைக்கிறது.

செயின் நீண்டுவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள சிறிய பின்னும் அது சுழலும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் கண்ணுக்குத் தெரியாத அந்தத் தேய்வு, செயின் முழுவதற்கும் கூட்டிப் பார்க்கும்போது கேம் ஷாஃப்டைச் சில பாகை பின்தள்ளும் அளவுக்கு வந்துவிடுகிறது. மாற்றப்படாத ஒயிலில் மிதக்கும் கரித்தூள் அந்தப் பின்களுக்கு அரத்தூள் போன்றது. மூடியின் உட்புறத்தில் நீங்கள் கண்ட கறுப்புப் படிவே இந்த வாகனத்தின் வரலாற்றை ஏறக்குறையச் சொல்லிவிட்டது.

பி0016 என்பது கிராங்க் ஷாஃப்டின் நிலையும் கேம் ஷாஃப்டின் நிலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று எஞ்சின் கணினி சொல்லும் முறைப்பாடு மட்டுமே. செயின் தேய்ந்தாலும் அது வரும். செயின் ஒரு பல் தாவினாலும் வரும். காற்றை உள்ளே விடும் வால்வுகளுக்கான இன்டேக் கேமின் முனையில் இருந்து, ஒயில் அழுத்தத்தால் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி–ஐ சக்கரம் அழுக்கால் இறுகி நின்றாலும் வரும். அந்தச் சக்கரத்துக்கு ஒயில் அனுப்பும் வால்வு சிக்கினாலும் வரும். ஆகவே குறியீட்டை மட்டும் பார்த்துச் செயின் வாங்குவது, காய்ச்சல் என்று கேட்டவுடன் மருந்து எழுதுவதற்குச் சமம்.

ஓசையைப் பிரித்தறியும் வேலையை முதலில் செய்யுங்கள். ஒயில் மட்டம் சரியாக இருக்கட்டும். பிறகு ஓல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் ஓட விடுங்கள். அந்த எஞ்சினில் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது என்பதால் நீண்ட நேரம் ஓட விடக் கூடாது. ஓசை நின்றுவிட்டால் குற்றவாளி பம்போ, ஓல்டர்னேட்டரோ, பெல்ட் உருளையோதான், செயினை மறந்துவிடலாம். நிற்கவில்லையென்றால் நீளமான திருப்புளியின் முனையை, செயினை மூடியிருக்கும் டைமிங் கவரின் மேல்பகுதி, நடுப்பகுதி, கீழ்ப்பகுதி என்று வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். தளர்ந்த செயின் கவரின் உட்சுவரிலும், தான் உரசி ஓடும் வழிகாட்டிகளிலும் அடிக்கும் ஓசையை ஒரு முறை கேட்டவர் மறக்க மாட்டார். ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு விநாடி மட்டும் கரகரத்துவிட்டு அடியோடு நின்றுவிடும் ஓசை பெரும்பாலும் விவிடி–ஐ சக்கரத்தின் பூட்டுப் பின்னிலிருந்து வருவது. உங்களுடையது அது போலத் தெரியவில்லை.

அதற்கு அடுத்தது தீர்ப்புச் சொல்லும் சோதனை. டெப்பட் கவரைக் கழற்றுங்கள். முன் வலது சக்கரத்தை எடுத்து, கிராங்க் போல்ட்டில் சொக்கெட்டைப் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையில், அதாவது பெல்ட் பக்கமிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாக, மெதுவாகச் சுற்றி, கிராங்கின் முனையில் பெல்ட் ஓடும் கப்பியில் உள்ள வெட்டு டைமிங் கவரின் 0 அடையாளத்துக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். சற்றுத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பக் கூடாது. திருப்பினால் தளர்வு முழுவதும் மறுபக்கத்துக்குப் போய், நீங்கள் காணும் நிலை பொய்யாகிவிடும். இன்னும் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றி மறுபடியும் வாருங்கள். அப்போது இரண்டு கேம் சக்கரங்களின் அடையாளங்களும் மேல்நோக்கி நேராக நிற்க வேண்டும். நிற்காமல் பின்தங்கியிருந்தால், எவ்வளவு பின்தங்கியிருக்கின்றன என்பதைப் படம் எடுத்து இங்கே எழுதுங்கள். இந்த எஞ்சினில் கிராங்க் சக்கரத்துக்கு 18 பற்கள் என்பதால், ஒரு பல் தாவியிருந்தால் கிராங்க் கணக்கில் 20 பாகை வித்தியாசம் காணும். அதற்குக் குறைவான பின்னடைவு தேய்வையே காட்டும்.

கிண்ணியா நானா எழுதியது:

உவர்மலை ஐயா சொன்ன ஒழுங்கை நான் மாற்றச் சொல்லவில்லை, ஆனால் டெப்பட் கவரைத் தொடுவதற்கு முன் ஒயில் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றிப் பாருங்கள் தம்பி. அது ஒரேயொரு போல்ட்டில் வெளிப்புறத்திலேயே இருக்கிறது. கழற்றுவது சில நிமிட வேலை. மல்டிமீட்டரால் அளந்தால் சாதாரண வெப்பநிலையில் 6.9 முதல் 7.9 ஓம் வரை காட்ட வேண்டும். பற்றரியிலிருந்து ஒரு கணம் மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் தண்டு தடையில்லாமல் நகர வேண்டும். அந்த வால்வுக்குப் போகும் ஒயில் பாதையில் விரல் நுனியளவு வலை வடிகட்டி ஒன்று சிலிண்டர் ஹெட்டில் ஒரு பிளக்கின் பின்னால் ஒளிந்திருக்கிறது. பல கராஜ்களில் அப்படி ஒன்று இருப்பதையே கவனிப்பதில்லை. படிவு பிடித்த எஞ்சினில் அது அடைபட்டிருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

ஒயில் பில்டரையும் சந்தேகியுங்கள். எஞ்சின் நின்ற பின் ஒயில் கீழே இறங்கிவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு தரமற்ற பில்டர்களில் சில மாதங்களிலேயே விறைத்துப்போகிறது. அப்போது, ஒயில் அழுத்தத்தால் செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனரிலிருந்து இரவு முழுவதும் ஒயில் வடிந்துவிடும். காலையில் அழுத்தம் ஏறும்வரை நல்ல செயின்கூட அடிக்கும். நல்ல பில்டரும் புதிய ஒயிலும் போட்டுப் பார்ப்பதால் நட்டமில்லை. வேலை எப்படி முடிந்தாலும் அவை தேவைதானே.

உப்புவெளிவாசி எழுதியது:

ஐயாவுக்கும் நானாவுக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன்.

ஒயில் கட்டுப்பாட்டு வால்வு 7.3 ஓம் காட்டியது. தண்டும் நன்றாக நகர்ந்தது. வலை வடிகட்டியில் கறுப்புப் பிசின் பிடித்திருந்தது, கழுவிப் போட்டேன். ஒயிலையும் பில்டரையும் மாற்றினேன். குறியீட்டை அழித்துவிட்டு வீட்டு வாசலிலேயே ஓட விட்டதில், காலை ஓசை சற்றுக் குறைந்தாலும் சூட்டில் கேட்கும் ஓசை அப்படியே இருக்கிறது. குறியீடும் திரும்ப வந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றியபோதும் ஓசை நிற்கவில்லை.

டெப்பட் கவரைக் கழற்றி அடையாளங்களைப் பார்த்தேன். கப்பி 0 இல் நிற்கும்போது இரண்டு கேம் சக்கரங்களும் பின்தங்கியிருக்கின்றன, ஆனால் ஒரு முழுப் பல்லின் அளவுக்கு இல்லை. ஒன்றைவிட மற்றது கொஞ்சம் கூடுதலாகப் பின்தங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் செயினை விரலால் தூக்கினால் எழும்புகிறது. இனித் திறப்பதுதான் வழியா?

உவர்மலையார் எழுதியது:

இனித் திறக்கலாம். கிராங்க் பக்கத்தில் ஒரு பல் தாவியிருந்தால் இரண்டு கேம்களும் ஒரே அளவில், ஒரு முழுப் பல்லுக்குப் பின்தங்கும். செயினின் இழுவிசைப் பக்கத்தில் கிராங்கிலிருந்து தூரமாக இருக்கும் கேம் கூடுதலாகப் பின்தங்குவது, தேய்வு கண்ணிக்குக் கண்ணி கூடிச் செல்வதால்தான். நானா சொன்ன சோதனைகளை முதலில் செய்தது நல்லதாகப் போயிற்று. இப்போது ஒயில் வால்வின் மேல் பழி போடவும் இடமில்லை.

பாகங்களைச் செட்டாக வாங்குங்கள்: செயின், டென்ஷனர், அசையும் வழிகாட்டி, அசையாத வழிகாட்டி, கிராங்க் சக்கரம், கிராங்க் முன் சீல், டெப்பட் கவர் கஸ்கட், தண்ணீர்ப் பம்பு கஸ்கட், சூடு தாங்கும் கஸ்கட் பசை. கொழும்பில் வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும், ஆனால் உடைத்த எஞ்சினிலிருந்து எடுத்த செட் என்று மலிவாகக் காட்டினால் கையில் எடுக்காதீர்கள். தேய்ந்த செயினுக்குப் பதிலாகத் தேய்ந்த செயின் போடுவதற்கு இவ்வளவு பாடு எதற்கு? கேம் சக்கரங்களின் பற்கள் கொக்கி போல் வளையாமல் இருந்தால் அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சினை இறக்கத் தேவையில்லை. ஆனால் வலது பக்க எஞ்சின் மவுண்ட்டைக் கழற்றினால் மட்டுமே டைமிங் கவர் வெளியே வரும். அதற்கு முன் ஒயில் பானின் கீழே தடித்த பலகை ஒன்றை வைத்து ஜக்கால் எஞ்சினைத் தாங்க வேண்டும். பற்றரி இணைப்பைக் கழற்றி, ஒயிலையும் ரேடியேற்றர் தண்ணீரையும் வடித்து, பெல்ட், தண்ணீர்ப் பம்பு, கிராங்க் கப்பி என்று வரிசையாக எடுங்கள். கப்பியின் போல்ட் 128 நியூட்டன் மீட்டரில் இறுக்கப்படுவது. பல ஆண்டுகளுக்குப் பின் அதைத் தளர்த்த அதைவிட அதிக விசை தேவைப்படும். நீளமான பிடியைப் பொருத்தி ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டிக் கழற்றும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கை உடைந்தவர்களும் இருக்கிறார்கள். கப்பியைப் பிடித்து நிறுத்தும் கருவியை இரவல் வாங்குங்கள், அல்லது இம்பாக்ட் ரென்ச் வைத்திருப்பவரை அழையுங்கள். கப்பி வர மறுத்தால் வெளி விளிம்பில் புல்லரைக் கொளுவி இழுக்காதீர்கள். விளிம்புக்கும் நடுப்பகுதிக்கும் இடையில் இருப்பது ரப்பர்.

இந்த எஞ்சினில் ஒயில் பம்பு டைமிங் கவரோடு சேர்ந்தே வரும். கவரின் போல்ட்டுகள் ஒரே நீளம் அல்ல. ஒரு அட்டைப் பெட்டியில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான போல்ட் ஒன்று குறுகிய துளைக்குள் போய் அலுமினியத்தைப் பிளந்தால் பசை பூசி மறைக்க முடியாது.

கவரை எடுப்பதற்கு முன்பே கிராங்கை 0 இல் நிறுத்தியிருங்கள். டென்ஷனரின் பூட்டுத் தகட்டைத் தூக்கி, தண்டை உள்ளே தள்ளி, துளைக்குள் ஒரு எலன் கீயைச் செருகினால் அது அடங்கி நிற்கும். அதன் பின் டென்ஷனர், வழிகாட்டிகள், செயின் என்று எடுக்கலாம். செயின் இல்லாத நிலையில் கேம்களைத் திருப்ப நேர்ந்தால், முதலில் கிராங்கைக் கால் சுற்று அளவுக்கு 0 இலிருந்து விலக்கி, பிஸ்டன்கள் மேலே இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய செயினை உடனே எறிந்துவிடாதீர்கள். ஒரு முனையைக் கொளுவி, மறுமுனையைத் தராசால் 14 கிலோகிராம் அளவுக்கு இழுத்து, 16 கண்ணிகளின் நீளத்தை வேர்னியர் இடுக்கிமானியால் மூன்று இடங்களுக்குக் குறையாமல் அளந்து பாருங்கள். இந்த எஞ்சினுக்கு எல்லை 123.2 மில்லிமீட்டர். புதிய செயினையும் அதே முறையில் அளந்தால் எவ்வளவு சிறிய வித்தியாசம் இவ்வளவு ஓசையைக் கிளப்புகிறது என்பது தெரியும். வாங்கிய செயின் தரமானதா என்பதற்கும் அது ஒரு சோதனையாகும். வழிகாட்டிகளில் செயின் ஓடிய பள்ளம் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அவற்றின் ஆயுளும் முடிந்ததே. உடைந்த பிளாஸ்டிக் துண்டு எதுவும் காணாமல் போயிருந்தால், ஒயில் பானைத் திறந்து ஒயில் உறிஞ்சும் வலையைப் பார்க்காமல் மூட வேண்டாம்.

புதிய செயினில் நிறம் பூசிய கண்ணிகள் இருக்கும். அவற்றைக் கிராங்க் சக்கரத்தின் அடையாளத்துக்கும் இரண்டு கேம் சக்கரங்களின் அடையாளங்களுக்கும் பொருத்தி, தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வருமாறு போடுங்கள். எலன் கீயை உருவிய பின், கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றி, சக்கரங்களின் அடையாளங்களை மறுபடியும் பாருங்கள். அப்போது நிறக் கண்ணிகள் எங்கோ போயிருக்கும். அதைக் கண்டு பலர் பதறிச் செயினைத் திரும்பக் கழற்றுகிறார்கள். கண்ணிகளைப் பார்க்க வேண்டாம், சக்கரங்களின் அடையாளங்கள் நேராக இருந்தால் போதும். சுற்றும்போது எங்காவது உலோகம் தட்டி நின்றால் பலம் கொடுக்காமல் நிறுத்திவிடுங்கள்.

நிலாவெளி மணல் எழுதியது:

ஐயா சொன்னதில் எஞ்சின் வேலை முழுவதும் இருக்கிறது; நான் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் கரையோர வளவுகள் மணல். மணலில் ஜக்கும் ஸ்டாண்டும் மெல்லப் புதையும். சக்கரம் மாற்றும் நேரத்துக்கு அது பெரிதல்ல, ஆனால் மவுண்ட் இல்லாத எஞ்சின் ஒன்று இரவு முழுவதும் ஜக்கின் மேல் நிற்கும்போது அது ஆபத்து. சீமெந்துத் தரை உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள். தரை கிடைக்கவில்லையென்றால், இரண்டு மட்காட்டுகளுக்கும் குறுக்கே போடும் தாங்கி ஒன்றால் எஞ்சினை மேலிருந்து கட்டித் தொங்கவிடுவது நல்லது.

கச்சான் காற்று வீசும் நாட்களில் டைமிங் கவரைத் திறந்து போடாதீர்கள். ஒயில் பட்ட உலோகத்தில் புழுதி ஒட்டினால் துணியால் துடைத்தாலும் முழுமையாகப் போகாது. விடியற்காலையில் தொடங்கி, காற்று எழும் நேரத்தில் சுத்தமான பொலித்தீனால் மூடிவிடுங்கள். உப்புக் காற்றில் இறுகிய மவுண்ட் போல்ட்டுகளுக்கு முதல் நாள் மாலையிலேயே துரு இளக்கும் ஒயில் அடித்து வையுங்கள்.

உப்புவெளிவாசி எழுதியது:

அண்ணா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். மைத்துனர் வீட்டில் சீமெந்துத் தரையுள்ள கொட்டில் இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்கிறோம். பாகங்களுக்குச் சொல்லியாயிற்று. ஐயாவிடம் கடைசியாக ஒன்று: கவரைப் பூட்டிய பின், புதிய டென்ஷனரில் ஒயில் இல்லாத நிலையில், முதல் ஸ்டார்ட்டை எப்படிச் செய்வது?

உவர்மலையார் எழுதியது:

கவரின் விளிம்பிலும் எஞ்சின் முகத்திலும் பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்த பிறகே புதிய பசையைப் பூசுங்கள். பூசியவுடன் தாமதிக்காமல் கவரைப் பொருத்துங்கள். பசைக் குழாயில் எழுதியுள்ள நேரம் கழியும்வரை ஒயில் ஊற்ற வேண்டாம். அவசரப்பட்டு ஊற்றியவர்கள் அடுத்த வாரமே கவரின் கீழ் மூலையில் கசிவைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

பூட்டும்போதே செயின் மீதும் வழிகாட்டிகள் மீதும் கேம்களின் மீதும் தாராளமாக ஒயில் விடுங்கள். பில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர் ஒயில் பிடிக்கும். பிறகு நான்கு கொயில்களின் இணைப்புகளையும் இன்ஜெக்டர்களின் இணைப்புகளையும் கழற்றிவிட்டு, ஒயில் அழுத்த விளக்கு அணையும்வரை இடையிடையே நிறுத்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விளக்கு அணைந்த பின் இணைப்புகளைப் பூட்டி ஸ்டார்ட் செய்தால், ஓரிரு விநாடி ஓசை கேட்டு அடங்கும். அடங்காவிட்டால் உடனே நிறுத்தி, டென்ஷனரின் பூட்டு விடுபட்டதா என்று பாருங்கள். தண்ணீர்ப் பம்பைக் கழற்றியதால் ரேடியேற்றரில் காற்று நிற்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, விசிறி ஒரு முறை சுற்றி நிற்கும்வரை ஐட்லிங்கில் விட்டு, எஞ்சின் முழுவதுமாக ஆறிய பின்பே மூடியைத் திறந்து மட்டத்தைச் சரிபாருங்கள். குறியீட்டை அழித்துவிட்டு, எஞ்சின் நன்கு சூடாகும்வரை ஓட்டிய பின் அடாப்டரில் நிலுவைக் குறியீடுகள் என்ற பகுதியையும் பாருங்கள். கோளாறு தீராதிருந்தால், விளக்கு எரிவதற்கு முன்பே பி0016 அங்கே வந்து நிற்கும். நின்றால், செயினை மறுபடி தொடாமல் விவிடி–ஐ சக்கரத்தைக் கழற்றி அதன் பூட்டுப் பின்னைச் சோதிக்க வேண்டும்.